பருவமழை கழுவிவிடும்போது புகைபோக்கிக்குக் கடிவாளம் எதற்கு?

14 செப்டம்பர் 2025, காலை
எண்ணூர்வாசி

அனல்மின் நிலையங்கள் கந்தக நீக்கக் கருவி பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. இரண்டு ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய வேலை பலமுறை தள்ளிப்போய், இந்த ஆண்டு ஜூலையில் சுமார் 78 விழுக்காடு அலகுகளுக்கு அந்தக் கட்டாயமே நீங்கிவிட்டது. எங்கள் தெருவில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது பொறியாளர் நண்பர் ஒருவர் மூன்று காரணங்களைச் சொன்னார். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு. நம் மண்ணில் சுண்ணாம்பு இருப்பதால் இங்கே அமில மழை பெய்வதில்லை. புவி வெப்பமடைந்தால் மழை கூடும், கூடுகிற மழை காற்றைக் கழுவிவிடும். கேட்டபோது சரியென்றே பட்டது. வீட்டுக்கு வந்து மாடிப்படியில் படிந்திருந்த கரும்பொடியைத் துடைத்தபோது அப்படிப் படவில்லை. தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

14 செப்டம்பர், இரவு
மழைமானி

மூன்றாவது காரணத்திலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. இது முழுக்கக் கணக்குப் பிழை.

"கழுவிவிடும்" என்ற சொல்லே ஏமாற்றுகிறது. பாத்திரத்தைக் கழுவினால் அழுக்கு சாக்கடைக்குப் போகும். காற்றை மழை கழுவினால் அழுக்கு போய்ச் சேரும் இடம் வயலும் ஏரியும் கிணறும்தான். புகைபோக்கி வழியே மேலேறிய கந்தகம் ஒவ்வொரு கிராமும் எங்காவது இறங்கியே தீர வேண்டும். மழை அடிக்கடி பெய்தால் சீக்கிரமாகவும் அருகிலும் இறங்கும். மழை தவறினால் தாமதமாகவும் தொலைவிலும் இறங்கும். இறங்கும் இடத்தையும் நேரத்தையும் வானிலை மாற்றலாம், மொத்த எடையை அதனால் மாற்ற முடியாது. அந்த எடை உலையிலேயே முடிவாகிவிடுகிறது.

எடை எவ்வளவு என்று பார்க்கலாம். 500 மெகாவாட் அலகு ஒன்று முழுத்திறனில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,800 டன் இந்திய நிலக்கரியை எரிக்கும். அதில் கந்தகம் அரை விழுக்காடுதான் என்று வைத்துக்கொண்டாலும் 39 டன் ஆகிறது. எரியும்போது அதே எடை ஆக்சிஜன் அதனுடன் சேர்வதால், கருவி இல்லாத புகைபோக்கியிலிருந்து நாளொன்றுக்கு 78 டன் வரை சல்பர் டைஆக்சைடு வெளியேறும். கொஞ்சம் சாம்பலில் தங்கும், அதைக் கழித்தாலும் எண்ணிக்கை பெரிதாக மாறாது. "குறைவு" என்பது ஒரு டன் நிலக்கரிக்குப் பொருந்துகிற சொல். நம் நிலக்கரியில் வெப்பம் குறைவாக இருப்பதால் அதே மின்சாரத்துக்கு அதிக டன் எரிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் உங்கள் நண்பர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

உயரமான புகைபோக்கி கட்டியிருக்கிறோமே என்று அடுத்து கேட்பார். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் என்பது நம் நாட்டில் வெகுகாலமாக இருக்கும் விதி. உயரம் கூடினால் பக்கத்து ஊருக்கு வருவது குறையும், அடுத்த மாநிலத்துக்குப் போவது கூடும். பிரிட்டன் தன் புகைபோக்கிகளை உயர்த்தியபோது நார்வே மீனவருக்கு என்ன நேர்ந்தது என்பது தனிக்கதை. நாளை மறுநாள் எழுதுகிறேன்.

15 செப்டம்பர், அதிகாலை 5 மணி
மழைமானி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாமே மழையோடுதான் இறங்குகிறது என்ற தொனி வந்துவிட்டது. அது தவறு. மழை ஒரு துளியும் இல்லாத நாளிலும் வாயுவும் துகளும் இலையிலும் ஈரச் சுவரிலும் மண்ணிலும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. இதற்கு உலர் படிவு என்று பெயர்; மழையோடு வருவது ஈரப் படிவு. புகைபோக்கிக்கு அருகே சல்பர் டைஆக்சைடு பெரும்பாலும் உலர்ந்தே படியும். அது ஓரிரு நாளில் சல்ஃபேட்டாக மாறிவிட்டால் துகள் மிகச் சிறியதாகி, எளிதில் படியாமல், ஒரு வார காலம் காற்றிலேயே பயணம் செய்து, எங்கோ பெய்யும் மழையில் இறங்கும். மாடிப்படிக் கரும்பொடியும் உலர் படிவுதான், ஆனால் வேறு வகை. பருத்த சாம்பல் தன் எடையாலேயே விழுகிறது. கந்தகம் கண்ணுக்குத் தெரியாது, துடைக்கவும் முடியாது.

17 செப்டம்பர், மாலை
மழைமானி

நார்வேக் கதை.

மகள் அங்கே வேலையில் இருந்தபோது ஒரு கோடைக்காலம் தென் நார்வேயில் தங்கினேன். முப்பது ஆண்டுகள் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்தவனுக்குச் சுற்றுலா என்றால் என்னவாக இருக்கும்? ஆறு ஆறாகப் போய்ப் பார்த்தேன். ஓர் ஆற்றங்கரையில் நம்மூர்ச் சிமெண்ட் ஆலைகளில் இருப்பதுபோன்ற உருளைத்தொட்டி ஒன்று நின்றது. அடியிலிருந்து ஒரு குழாய் ஆற்றுக்குள் நீண்டிருந்தது. ஆற்று மட்டம் ஏறினால் தானாகவே கூடுதலாகவும், இறங்கினால் குறைவாகவும் சுண்ணாம்புக் கல் மாவை நீரில் கரைத்து ஊற்றும் ஏற்பாடு அது. பழுப்பு நிற ஓட்டத்தில் பால் ஊற்றியதுபோல ஒரு வெள்ளை வால் முப்பது அடி நீண்டு, பிறகு கரைந்து காணாமல் போயிற்று. இப்படி இரவும் பகலும் ஊற்றினால்தான் சால்மன் மீன் குஞ்சு பிழைக்கும் என்று அங்கிருந்தவர் சொன்னார்.

நடந்தது இதுதான். பிரிட்டனிலும் மத்திய ஐரோப்பாவிலும் எரிந்த நிலக்கரியின் கந்தகம் தென்மேற்குக் காற்றில் ஏறி, நார்வே மலைகளில் மோதிப் பெய்த மழையில் இறங்கியது. அந்த நிலம் கருங்கல். மேலே ஒரு சாண் மண். அமிலத்தைத் தணிக்கக் கால்சியம் இல்லை. அமிலம் மண்ணிலிருந்த அலுமினியத்தைக் கிளப்பி ஆற்றில் விட்டது, அலுமினியம் மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைத்தது. பல ஆறுகளில் சால்மன் இனமே அற்றுப்போயிற்று. சுவீடனின் மண்ணியல் அறிஞர் ஸ்வாந்தே ஓடேன் 1967இல் நாளிதழில் எழுதி இதை ஊரறியச் செய்தார். 1979இல் ஜெனீவாவில் எல்லைதாண்டும் காற்று மாசு குறித்த உடன்படிக்கை, 1985இல் ஹெல்சிங்கியில் கந்தகத்தை 30 விழுக்காடு குறைக்கும் ஒப்பந்தம், 1999இல் கோதன்பர்க்கில் நைட்ரஜனையும் அம்மோனியாவையும் சேர்த்த ஒப்பந்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஐரோப்பாவின் சல்பர் டைஆக்சைடு உமிழ்வு 1990இலிருந்து 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. தென் நார்வே மழையிலுள்ள சல்ஃபேட்டும் அதைப் பின்தொடர்ந்து இறங்கியது.

இந்த இடத்தில்தான் உங்கள் நண்பருக்குப் பதில் இருக்கிறது. அந்தப் பத்தாண்டுகளில் வடஐரோப்பாவில் மழை கூடவும் செய்தது. மழை கூடியதால் சல்ஃபேட் படிவு கூடவில்லை. உமிழ்வு குறைந்ததால் குறைந்தது. இரண்டும் எதிரெதிராக இழுத்தபோது எது வென்றது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

ஆனால் ஒன்று. கட்டுப்பாடு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்த உருளைத்தொட்டி ஏன் இன்னும் சுண்ணாம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறது?

17 செப்டம்பர், சற்றுப் பின்
எண்ணூர்வாசி

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் பார்த்திருக்கிறேன், ஆற்றுக்குத் தடவுவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எங்கள் நண்பர் விடவில்லை. "நார்வே கருங்கல் நாடு. இங்கே மழை அமிலமே இல்லை, அளந்து பார்க்கட்டும்" என்கிறார்.

20 செப்டம்பர், பிற்பகல்
மழைமானி

அளந்து பார்த்தவன்தான் நான். அதனால் அவர் சொல்வதில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

மாசற்ற மழையே காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைவதால் பி.எச். 5.6 அளவில்தான் இருக்கும். பி.எச். என்பது அமிலத்தை அளக்கும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் காட்டில் ஜீன் லைக்கன்ஸ் குழுவினர் 1963இல் மழையைச் சேகரிக்கத் தொடங்கியபோது கிடைத்த அளவு 4 சொச்சம். பி.எச். ஒன்று இறங்கினால் அமிலம் பத்து மடங்கு என்பதால், அது எலுமிச்சை பிழிந்த மழை என்றே சொல்லலாம். இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் நெடுங்காலம் 6க்கு மேல் இருந்தது. காரணம் புழுதி. ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்தும் உழுத வயல்களிலிருந்தும் எழும் கால்சியம் கலந்த தூசி மேகத்துக்குக் கீழேயே அமிலத்தைத் தணித்துவிடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு நாடெங்கும் பத்து இடங்களில் மழைநீரைச் சேகரித்துப் பகுத்தாயும் நிலையங்கள் உண்டு. ஜோத்பூர், விசாகப்பட்டினம், அசாமின் மோகன்பாரி, நம் பக்கத்தில் கொடைக்கானலும் மினிக்காயும் அவற்றுள் அடங்கும். 1987 முதல் 2021 வரையிலான அவற்றின் பதிவுகளில் பெரும்பாலான நிலையங்களில் பி.எச். மெல்ல இறங்கியே வந்திருக்கிறது. விசாகப்பட்டினமும் மோகன்பாரியும் அமிலப் பக்கம் நகர்ந்த நிலையங்கள். மழை இன்னும் முழு அமிலமாகவில்லை, ஆனால் தணிக்கும் கையிருப்பு கரைகிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

இனி என் மொட்டைமாடி. இருபது சென்டிமீட்டர் வாயகலமுள்ள பாலித்தீன் புனல், அதன் கீழ் ஒரு லிட்டர் புட்டி. இந்தப் புனலில் 10 மி.மீ. மழை பெய்தால் முந்நூறு மில்லிலிட்டருக்குச் சற்று மேல் சேர வேண்டும். சேராவிட்டால் எங்கோ கசிகிறது என்று பொருள். முதல் ஆண்டு கடையில் வாங்கிய பி.எச். தாளால் அளந்தேன். எல்லா மழைக்கும் ஒரே நிறம் காட்டியது. மழைநீரில் உப்பு மிகக் குறைவாக இருப்பதால் தாளிலுள்ள சாயமே நீரின் பி.எச்.-ஐ மாற்றிவிடும் என்பது பணியில் இருந்தவரை எனக்குத் தெரிந்த செய்திதான். ஓய்வுபெற்ற மறுநாளே மறந்துவிட்டேன். பிறகு கண்ணாடி மின்முனை வாங்கினேன். அதுவும் மழைநீரில் உடனே நிலைகொள்ளாது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று எண் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். கலக்கக் கூடாது, பொறுக்க வேண்டும்.

ஒரு நாள் 7.8 வந்தது. சென்னை மழை இவ்வளவு காரமா என்று வியந்து இதே பக்கத்தில் முன்பொருமுறை எழுதியும் விட்டேன். மறுநாள் மாடி ஏறிப் பார்த்தால் புனலின் விளிம்பில் காகம் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த 7.8-ஐ இத்துடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

21 செப்டம்பர், காலை
மழைமானி

காகத்தைச் சிரித்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். இரவு தூக்கத்தில்தான் உறைத்தது, அந்தக் காகம் ஒரு பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது.

எச்சத்திலிருந்து வந்த அம்மோனியா பி.எச்.-ஐ ஏற்றியது. வானத்திலும் அதுவே நடக்கிறது. யூரியா இட்ட வயலிலிருந்தும் மாட்டுத்தொழுவத்திலிருந்தும் எழும் அம்மோனியா, கந்தக அமிலத்தோடு சேர்ந்து அம்மோனியம் சல்ஃபேட்டாகிறது. அதைச் சுமந்து பெய்யும் மழையை அளந்தால் நடுநிலை என்று காட்டும். ஆனால் மண்ணில் விழுந்த அம்மோனியத்தை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றும்போது ஒவ்வொரு அம்மோனியத்துக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளியாகின்றன. வானத்தில் தணிந்ததாகத் தோன்றிய அமிலம் மண்ணுக்குள் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. ஆகவே நேற்று நான் பி.எச். அளவை வைத்தே வாதம் செய்தது பாதிக்கணக்கு. கேட்க வேண்டிய கேள்வி மழை அமிலமா என்பதல்ல; ஓர் ஆண்டில் ஒரு ஹெக்டேருக்குக் கந்தகமும் நைட்ரஜனும் எத்தனை கிலோ இறங்குகின்றன, அந்த மண் எத்தனை கிலோ தாங்கும் என்பதுதான்.

21 செப்டம்பர், இரவு
கவாத்து

நான் குன்னூர்ப் பக்கம். எங்கள் தேயிலை மண் இயல்பிலேயே அமிலம். கவாத்து செய்யும் ஆண்டில் டோலமைட் என்னும் சுண்ணாம்பு வகைக் கல்மாவு இடாவிட்டால் செடி தேறாது. காரணம் நாங்கள் போடும் அம்மோனியா உரமும் மண்ணின் இயல்பும் என்றுதான் சொல்லித் தந்தார்கள். மழைக்கும் இதில் பங்கு உண்டா?

22 செப்டம்பர்
மழைமானி

தோட்டத்தில் உரத்தின் பங்கு மிகப் பெரிது, மழையின் பங்கு அதற்கு முன் சிறிது. ஆனால் வேலிக்கு அப்பால் இருக்கும் சோலைக்காட்டுக்கு யாரும் டோலமைட் இடுவதில்லை. உங்கள் மண்ணின் கால்சியத்தைப் பல இலட்சம் ஆண்டு மழை அரித்துக்கொண்டு போய்விட்டது; தன்மையில் நீங்கள் ராஜஸ்தானைவிட நார்வேக்கு நெருக்கம். "நம் மண் சுண்ணாம்பு மண்" என்று ஒரே வாயில் சொல்லும் பொறியாளர் நண்பரை ஒருமுறை உங்கள் பக்கம் அழைத்துப் போக வேண்டும். தேநீர்ச் செலவு அவருடையது.

28 செப்டம்பர், ஞாயிறு
மழைமானி

வெப்பமயமாதல் இந்தக் கணக்கில் எங்கெங்கே கைவைக்கிறது என்று ஒரு வாரமாகக் குறித்துவைத்தவற்றை எழுதுகிறேன். சற்று நீளும்.

முதலில் மழையின் குணம். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது, ஆனால் மழை நாட்கள் அப்படிக் கூடுவதில்லை. பெய்தால் கொட்டுகிறது, நின்றால் நெடுநாள் நின்றுவிடுகிறது. மத்திய இந்தியாவில் பரவலான அதிகன மழை நிகழ்வுகள் 1950க்கும் 2015க்கும் இடையே மூன்று மடங்காகின என்பது காலநிலை ஆய்வாளர் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் 2017இல் வெளியிட்ட முடிவு. காற்றைச் சுத்தம் செய்யும் வேலையில் பெரும்பகுதியை மழையின் முதல் சில மில்லிமீட்டரே முடித்துவிடும். அடுத்து வரும் நூறு மில்லிமீட்டர் ஏற்கனவே கழுவிய காற்றைத்தான் திரும்பக் கழுவும். ஆகவே பத்து நாளில் பத்துப் பத்து மில்லிமீட்டராகப் பெய்யும் மழையும், ஒரே இரவில் கொட்டும் நூறு மில்லிமீட்டரும் சமமல்ல. இடையில் நீளும் வறண்ட நாட்களில் சல்ஃபேட் காற்றிலேயே தங்கும், நாம் அதைச் சுவாசிப்போம், அடுத்த மழையின் முதல் வீச்சில் அது மொத்தமாக இறங்கும். மழை "கூடினால்" கழுவும் என்ற வாதம் ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்க்கிறது, நாட்களை எண்ணவில்லை.

இரண்டாவது அம்மோனியா. வெப்பநிலை 5 டிகிரி ஏறினால் மண்ணிலிருந்தும் சாணத்திலிருந்தும் அம்மோனியா ஆவியாகும் நாட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. புகைபோக்கிக்குப் பூட்டுப் போடலாம், தொழுவத்துக்குப் போட முடியாது. கந்தகத்தைக் குறைத்த நாடுகளில் இன்னொரு திருப்பமும் நேர்ந்திருக்கிறது: சேர்வதற்கு அமிலம் இல்லாததால் அம்மோனியா துகளாக மாறாமல் வாயுவாகவே இருந்து பண்ணைக்கு அருகிலேயே படிகிறது. அமெரிக்காவில் மின்நிலையங்களும் வாகனங்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைத்துவிட்ட பிறகு, படியும் நைட்ரஜனில் பாதிக்கு மேல் இப்போது அம்மோனியா வகையைச் சேர்ந்ததாகிவிட்டது. உலகிலேயே அம்மோனியா அடர்ந்த வானம் கங்கைச் சமவெளியின் மேல் இருப்பதைச் செயற்கைக்கோள்கள் காட்டுகின்றன.

மூன்றாவது ஓசோன். தரையருகே உருவாகும் ஓசோனை அகற்றும் வேலையில் இலைத்துளைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. வறட்சியில் செடி நீரைக் காக்கத் துளையை மூடிக்கொள்ளும். ஓசோன் போக இடமின்றிக் காற்றிலேயே நிற்கும். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலையில் ஓசோன் ஏறியதற்கு வெயிலோடு இதுவும் ஒரு காரணம். படிவு குறைந்தது நல்ல செய்தி என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று கேளுங்கள். செடி மூச்சை அடக்கிக்கொண்டது, நம்மால் முடியாது.

எழுதி முடித்துப் பார்த்தால், 14ஆம் தேதி "மொத்த எடையை மாற்ற முடியாது" என்று அடித்துச் சொன்னது கந்தகத்துக்கு மட்டுமே பொருந்துகிறது. அம்மோனியாவில் வெப்பமே உமிழ்வைக் கூட்டுகிறது. கந்தகத்திலும் ஒரு நெளிவு உண்டு: சல்பர் டைஆக்சைடைப் பாதியாக்கினால் சல்ஃபேட் உடனே பாதியாவதில்லை, ஏனென்றால் அமிலம் குறைந்த மேகத்துளியில் மிச்சமிருக்கும் வாயு முன்னைவிட வேகமாகச் சல்ஃபேட்டாகிறது. ஐரோப்பாவில் வாயு இறங்கிய வேகத்தில் சல்ஃபேட் இறங்காததற்கு இது ஒரு காரணம். இறங்கியது என்பது உண்மை, கணக்குப்படி இறங்கவில்லை.

2 அக்டோபர்
மழைமானி

உருளைத்தொட்டிக் கேள்வி பாக்கி.

அமிலம் விழுந்துகொண்டிருந்த பத்தாண்டுகளில் மண்ணின் கால்சியம் கழுவப்பட்டுப் போயிற்று. மழை சுத்தமானாலும், பாறை சிதைந்து புதிய கால்சியம் உண்டாக வேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் தேவை. கடனை நிறுத்துவது வேறு, அடைப்பது வேறு. அதோடு மண்ணிலும் சதுப்பிலும் பழைய கந்தகம் தேங்கிக் கிடக்கிறது. கனடாவில் சட்பரி நிக்கல் உருக்காலைகளுக்கு அருகே ஸ்வான் ஏரி என்று ஒன்று உண்டு. 381 மீட்டர் புகைபோக்கி நின்ற ஊர் அது. உமிழ்வு குறைந்து ஏரி தேறிவந்த வேளையில் 1980களின் பின்பகுதியில் இரண்டு ஆண்டுகள் வறட்சி. சதுப்பு காய்ந்தது, அடியில் அடங்கியிருந்த கந்தகம் காற்றுப் பட்டுச் சல்ஃபேட்டானது, மழை திரும்பியதும் அது ஏரிக்குள் வழிந்து ஏரியை மறுபடி அமிலமாக்கிவிட்டது. அந்த ஆண்டு வானத்திலிருந்து புதிதாக எதுவும் பெரிதாக விழவில்லை. பழைய பாக்கியை வறட்சி வசூலித்தது.

நார்வேயில் புயலும் இதைச் செய்தது. 1993 ஜனவரியில் தென்மேற்குக் கரையைத் தாக்கிய புயல் கடல் உப்பை உள்நாடுவரை வாரி இறைத்தது. உப்பிலுள்ள சோடியம் மண்ணில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்த அமிலத்தையும் அலுமினியத்தையும் வெளியே தள்ளியது. மீன்கள் செத்தன. உப்பு மாசுப்பொருள் அல்ல, புகைபோக்கிக்கும் அதில் பங்கில்லை. ஆனால் மண் ஏற்கனவே வெறுங்கையோடு நின்றதால்தான் உப்பால் அதைச் செய்ய முடிந்தது.

அன்று நான் பார்த்த ஆற்றின் பழுப்பு நிறமும் இதில் சேரும். வெப்பமும் மழையும் கூடியதால் மண்ணின் மட்கு கரைந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் உண்டு, ஆனால் பெரும்பங்கு சல்ஃபேட் குறைந்ததற்கு என்று வடஅமெரிக்க, ஐரோப்பிய ஏரிகளை ஒப்பிட்டு 2007இல் ஒரு குழு காட்டியது. அமிலம் இருந்தவரை மட்கு மண்ணோடு உறைந்து கிடந்தது. அமிலம் நீங்கியதும் கரைந்து வெளியே வருகிறது. தெளிந்த ஏரிதான் நோயாளி, தேநீர் நிற ஏரி தேறிவருகிறது. குடிநீர் வாரியங்களுக்கு மட்டும் இது தலைவலி.

3 அக்டோபர்
கவாத்து

வடக்கே ஜெர்மனியில் கந்தகம் நின்றபின் ரேப் என்னும் எண்ணெய்வித்துப் பயிரின் மஞ்சள் பூ வெளுத்துப்போனதாகப் படித்தேன். அப்படியானால் கந்தக மழை இலவச உரம்தானே? சண்டைக்கு வரவில்லை, கேட்கிறேன்.

3 அக்டோபர், இரவு
மழைமானி

வெளுத்தது உண்மை. கடுகின் உறவான அந்தப் பயிருக்குக் கந்தகம் நிறைய வேண்டும். வானம் தருவதை நிறுத்தியதும் ஜெர்மனி, டென்மார்க், ஸ்காட்லாந்து உழவர்கள் கந்தக உரம் வாங்கத் தொடங்கினார்கள்.

நம் ஊருக்குக் கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர். ஆண்டுக்கு 1,400 மி.மீ., லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சல்ஃபேட் என்று வைத்தால் ஹெக்டேருக்கு 14 கிலோ சல்ஃபேட். அதில் கந்தகம் மூன்றில் ஒரு பங்கு, ஐந்து கிலோவுக்கும் குறைவு. நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது நம் உழவர் இடும் 400 கிலோ ஜிப்சத்தில் கந்தகம் எழுபது கிலோ வரை இருக்கும், கால்சியமும் கூடவே வரும், வேண்டிய நாளில் வேண்டிய வயலில் விழும். இலவச உரம் ஏரியையும் சோலையையும் நுரையீரலையும் தேர்ந்து ஒதுக்கிவிட்டு வயலில் மட்டும் விழாது.

இன்னொன்று. சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு இயங்கும் கந்தக நீக்கக் கருவியிலிருந்து கிடைக்கும் துணைப்பொருளே ஜிப்சம்தான்! உங்களுக்கு உரம்தான் வேண்டுமென்றால் கருவியைப் பொருத்தச் சொல்லிக் கேளுங்கள், மூட்டையாகவே கிடைக்கும்.

11 அக்டோபர்
எண்ணூர்வாசி

நண்பர் கடைசி அம்பை எடுத்துவிட்டார். சல்ஃபேட் புவியைக் குளிர்விக்கிறதாம். கருவி பொருத்தினால் அந்தக் குடை போய்விடும், போதாக்குறைக்குச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து கார்பன் டைஆக்சைடும் வருமாம்.

11 அக்டோபர், நள்ளிரவு
மழைமானி

இதை எழுத மூன்று முறை தொடங்கி அழித்தேன், ஏனென்றால் முதல் பாதி உண்மை, எனக்கும் பிடிக்காத உண்மை. சல்ஃபேட் துகள் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, மேகத்தை வெண்மையாக்குகிறது. 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5ஆகக் குறைந்தபின் கடல்மேல் அந்தக் குடை மெலிந்திருக்கிறது. காற்றைச் சுத்தம் செய்தால் மறைந்திருந்த வெப்பம் கொஞ்சம் வெளிப்படும். மறுக்க மாட்டேன்.

ஆனால் குடை ஒரு வாரத்தில் கிழியும் குடை. கார்பன் டைஆக்சைடு நூற்றாண்டுகள் தங்கும். ஒவ்வொரு வாரமும் புதுக் குடை விரிக்க அதே உலையை எரித்தால், ஒவ்வொரு வாரமும் நிரந்தர வெயிலைச் சேமித்துவைக்கிறோம். குடையின் நிழலிலும் குறை உண்டு: வெயிலை மங்கச் செய்யும் துகள், நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டைக் குறைத்துப் பருவமழையையே தளரச் செய்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்தியப் பருவமழை மெலிந்ததற்கு ஆய்வாளர்கள் சுட்டும் காரணங்களில் இது முக்கியமானது. மழை கழுவும் என்று நம்பி விட்ட புகை, மழையின் கையையே கட்டுகிறது.

சுண்ணாம்புக் கல் கணக்கு எளிது. 64 டன் சல்பர் டைஆக்சைடைப் பிடிக்க 44 டன் கார்பன் டைஆக்சைடு வெளியாகும். நம் 500 மெகாவாட் அலகின் 78 டன்னுக்கு 54 டன். அதே அலகு நிலக்கரியை எரிப்பதால் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 டன் விடுகிறது. கருவியை ஓட்ட மின்சாரத்தில் ஒரு விழுக்காடு சொச்சம் செலவாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விழுக்காடு அளவுக்குக் கவலைப்படுகிறவர், மீதி 98 விழுக்காட்டைப் பற்றியும் ஒருநாள் பேசினால் நானும் வந்து கேட்பேன்.

18 அக்டோபர், காலை
மழைமானி

நேற்றிரவு மழை. புனலைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்திருந்தவன் முதல் தூறலில் மாடிக்கு ஓடினேன். வேண்டுமென்றே மூன்று புட்டிகளாகப் பிரித்தேன்: முதல் அரைமணி, அடுத்த இரண்டு மணி, விடியல்வரை மிச்சம். முதல் புட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கிறது; கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 90, பி.எச். 6.9. இரண்டாவதில் 22, 6.1. மூன்றாவதில் 8, 5.4. புழுதி முதலில் இறங்கிவிடுகிறது, தணிக்க ஆளில்லாமல் அமிலம் பின்னால் வருகிறது. மூன்றையும் ஒரே புட்டியில் பிடித்திருந்தால் உங்கள் நண்பர் மகிழும்படி ஓர் எண் வந்திருக்கும்.

18 அக்டோபர், மதியம்
எண்ணூர்வாசி

நானும் ஒரு புட்டி வைத்தேன். தனியார் ஆய்வகத்தில் கொடுத்தால் சல்ஃபேட் லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுப்பார்களா? அப்படி வந்தால் அனல்மின் நிலையம்தான் காரணம் என்று நண்பரிடம் காட்டலாமா?

18 அக்டோபர், மாலை
மழைமானி

காட்டாதீர்கள், முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். நானே ஓராண்டு முழுதும் அப்படிக் காட்டி வெட்கப்பட்டவன். கடலோரத்தில் இருக்கிறோம். கடல்நீரில் ஒவ்வொரு கிராம் சோடியத்தோடும் கால் கிராம் சல்ஃபேட் வருகிறது. காற்றடிக்கும் இரவில் உங்கள் புட்டியில் இருப்பதில் பெரும்பகுதி வங்கக்கடல் தந்ததாக இருக்கலாம். சோடியத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். சோடியம் எத்தனை மில்லிகிராமோ அதில் கால் பங்கைச் சல்ஃபேட்டிலிருந்து கழியுங்கள். மிச்சம் நிற்பதை மட்டும் நண்பரிடம் காட்டுங்கள். என் மூன்று புட்டிகளும் குளிர்பதனப் பெட்டியில், தயிருக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. திங்களன்று பழைய கூடத்துக்கு எடுத்துப் போகிறேன். வீட்டில் யாரும் ஒன்றை எடுத்துக் குடித்துவிடாமல் இருந்தால் எண்களை இங்கே இடுகிறேன்.